நாலூரானுக்கும் வீடு வேண்டியவர்
ஸ்ரீ கூரத்தாழ்வான் வைபவம்

ஸ்ரீமத் ராமாயணத்தைப் பக்தியுடன் பாராயணம் செய்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். வால்மீகி பகவான் தம் காவியத்தில் எவருடைய குறையையும் மறைத்தாரில்லை. தசரத சக்கரவர்த்தி சத்தியம் தவறாதவர். ஆயினும் கைகேயியிடம் கொண்ட மோகத்தால், என்ன கேட்கப் போகிறாள் என்று அறியாமலே வாக்களித்து, அந்த வாக்கினாலேயே உயிர் துறந்தார். கைகேயி முதலில் இராமபிரானிடம் அன்பு கொண்டவளே. மந்தரையின் சொல் செவியில் ஏறியதும் மனம் திரிந்தாள். சுக்ரீவன் பெருமாளால் அரசு பெற்றவன். மழைக்காலம் கழிந்த பின்னும் தன் வாக்கை மறந்து போகத்தில் மூழ்கிக் கிடந்தான். பிராட்டியேகூட, மாரீசனின் வஞ்சகக் குரலைக் கேட்டுக் கலங்கி, குற்றமற்ற இளையபெருமாளைச் சுடுசொற்களால் வருத்தினாள்.

இக்குறைகளைப் படிக்கும் நாம், இவர் செய்தது தவறு, அவர் செய்தது தவறு என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஆனால் நமக்கே ஒருவன் தீங்கிழைக்கும்போது, அவனை எப்படி நோக்க வேண்டும் என்பதில்தான் இதிகாசம் கற்றதன் பயன் இருக்கிறது. அந்தப் பயனைத் தம் வாழ்வில் முழுமையாகக் காட்டிய மகான், எம்பெருமானாரின் முதன்மைச் சீடரான ஸ்ரீ கூரத்தாழ்வான் ஆவார். அவருடைய திவ்ய சரிதத்தைக் குருபரம்பரை நூல்கள் கூறும் வழியில் இங்கு அநுபவிப்போம்.

அவதாரம்

காஞ்சீபுரத்தை அடுத்துள்ள கூரம் என்னும் ஊர் மிகப் பழமையானது. பல்லவ அரசனான முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் இவ்வூரின் பெயராலேயே அறியப்படுகின்றன. இவ்வூரில் சௌமிய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில், 1010ஆம் ஆண்டில், ஆழ்வான் அவதரித்தார் என்பது ஸம்பிரதாயம். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவர் திருநாமம். உடையவர் 1017ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்தவராதலின், ஆழ்வான் தம் ஆசாரியரைக் காட்டிலும் வயதில் ஏழு பிராயம் மூத்தவர். தம்மினும் இளையவரைத் தெய்வமாகக் கொண்டு, நிழல்போல் தொடர்ந்து வாழ்ந்தார் என்பதே அவருடைய அடக்கத்துக்கு முதற்சான்றாகும்.

ஒருவன் எவ்வளவு உயர்ந்தாலும் அவனைக் கீழே தள்ளக்கூடிய செருக்குகள் மூன்று உண்டு. செல்வத்தால் வருவது ஒன்று. கல்வியால் வருவது மற்றொன்று. குலத்தால் வருவது மூன்றாவது. இவற்றை முக்குறும்பு என்பர். ஆழ்வானுக்கு இம்மூன்றும் வருவதற்குரிய எல்லாக் காரணங்களும் இருந்தன. எனினும் அவர் மூன்றையும் கடந்தார். அவருடைய சீடரான திருவரங்கத்தமுதனார், தாம் அருளிய 108 பாசுரங்கள் கொண்ட இராமாநுச நூற்றந்தாதியில் இப்பெருமையைப் போற்றியிருக்கிறார். அது எவ்வாறு நிகழ்ந்தது என்று பார்ப்போம்.

செல்வச் செருக்கு

கூரத்தில் ஆழ்வானின் திருமாளிகையில் நாள்தோறும் ததீயாராதனம் நடைபெற்றுவந்தது. வந்தவர்க்கெல்லாம் அமுதிட்ட பின்பு, இரவில் மாளிகையின் பெரிய கதவுகளைச் சாத்துவர். ஒருநாள் அக்கதவுகள் சாத்தும் ஓசை காஞ்சியிலுள்ள பேரருளாளன் ஸந்நிதி வரையில் கேட்க, பெருந்தேவித் தாயார் அஃது என்ன ஓசை என்று வினவியருள, திருக்கச்சி நம்பிகள் மூலமாக இச்செய்தி ஆழ்வானுக்கு எட்டியது. வேறொருவராயின் தம் அன்னதானத்தின் பெருமை தாயாரின் திருச்செவிக்கும் எட்டிற்று என்று பூரித்திருப்பர். ஆழ்வானோ நடுங்கினார். எல்லாச் செல்வத்துக்கும் உரியவளான பிராட்டியின் செவியில் விழும்படி தம் செல்வம் ஓசை எழுப்பியதே என்று நாணினார். உடனே பொருள் அனைத்தையும் துறந்து, தேவியாரான ஆண்டாளுடன் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார்.

வழியில் ஓர் அடர்ந்த காடு. இருள் சூழ்ந்தது. ஆண்டாள் அச்சமுற்று, இங்கே பயம் உண்டோ என்று கேட்டாள். மடியில் கனம் இருந்தாலன்றோ வழியில் பயம் என்று ஆழ்வான் கூற, தம் கணவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்திருப்பதை அவள் ஒப்புக்கொண்டாள். ஆழ்வான் அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு நடந்தார். ஆண்டாளின் செயலில் பேராசை ஏதுமில்லை. கணவனுக்குச் செய்யும் பணிவிடையில் உள்ள ஆசையே இருந்தது. ஆயினும் நல்ல நோக்கத்தோடு வைத்துக்கொண்ட சிறு பொருளும் மனத்தில் பயத்தை விளைவிக்கும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. அவர் தேவியாரைக் கடிந்து பேசியதாக வரலாறு இல்லை என்பதும் நாம் கவனிக்கத் தக்கது. குற்றத்தை எறிந்தார், குற்றம் செய்தவரை எறிந்தாரில்லை.

திருவரங்கத்தில் அவர் பிக்ஷை எடுத்தே வாழ்ந்தார். ஒருநாள் மழை விடாது பெய்ததால் பிக்ஷைக்குச் செல்ல இயலவில்லை. இரவில் கோயிலில் பெருமாள் அமுது செய்யும் மணியோசை கேட்டபோது, உம்முடைய அடியார் பட்டினியாயிருக்க நீர் அமுது செய்கிறீரோ என்று ஆண்டாள் மனத்தில் எண்ணினாள். சிறிது நேரத்தில் கோயில் பரிவாரங்களோடு அரவணைப் பிரசாதம் அவர்கள் வீட்டுக்கு வந்தது. அந்தப் பிரசாதத்தை உண்டதன் பயனாகவே பராசர பட்டரும் அவருடைய தம்பியும் பிறந்தனர் என்பது பெரியோர் வாக்கு. இந்தப் பராசர பட்டரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சரிதத்தின் முடிவில் அவரிடம் மீண்டும் வருவோம்.

கல்விச் செருக்கு

பிரம்மசூத்திரத்துக்குப் பாஷ்யம் இயற்றத் திருவுள்ளம் கொண்ட உடையவர், போதாயன விருத்தி என்னும் பழைய உரையைத் தேடி ஆழ்வானுடன் காச்மீர தேசத்துக்கு எழுந்தருளினார். நூல் கிடைத்தும், அதை அங்கிருந்தவர்கள் பின்தொடர்ந்து வந்து திரும்பப் பெற்றுச் சென்றனர். எம்பெருமானார் மனம் வாடினார். அப்பொழுது ஆழ்வான், தாம் இரவுகளில் அந்நூலைப் படித்து முழுவதும் மனத்தில் பதித்துக்கொண்டதை விண்ணப்பித்தார். இவ்வளவு பெரிய ஆற்றலைத் தேவை ஏற்படும்வரை அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

திருவரங்கம் திரும்பியதும் உடையவர் ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லிக்கொண்டு வர, ஆழ்வான் ஏடுபடுத்தி வந்தார். தமக்கு ஒவ்வாத கருத்து வருமாயின் ஆழ்வான் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசாரியரே விதித்த நியமம். ஓரிடத்தில் ஜீவாத்மாவின் இயல்பைக் கூறும்போது, அறிவுடைமையைக் கூறிய உடையவர், எம்பெருமானுக்கு அடிமைப்பட்டிருப்பதைக் கூறவில்லை. ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. உடையவருக்குச் சினம் மூண்டது. அப்படியாயின் நீரே பாஷ்யம் எழுதும் என்று கூறி, ஆழ்வானைக் காலால் தள்ளிவிட்டு எழுந்து சென்றார்.

இங்கே ஆழ்வானுக்கு ஏற்பட்ட தர்ம ஸங்கடத்தைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். எழுதினால் ஆசாரியரின் நியமனத்தையும் உண்மையையும் மீறியவராவார். எழுதாவிட்டால் ஆசாரியரின் சினத்துக்கு ஆளாவார். அவர் உண்மையைக் கைவிடவில்லை. ஆசாரியரிடம் கொண்ட பணிவையும் கைவிடவில்லை. மற்றையோர் அவரிடம் வந்து இனி என்ன செய்வீர் என்று வினவ, தம் உடைமையை என்ன செய்ய வேண்டும் என்பது உடையவருக்கே தெரியும், உடைமைக்கு அதில் என்ன கவலை என்று இருந்துவிட்டார். உடையவரும் பின்னர் ஆராய்ந்து, ஆழ்வான் நிறுத்தியதே தகும் என்று தெளிந்து, அவரை அழைத்து அணைத்துக்கொண்டு பாஷ்யத்தைத் தொடர்ந்தருளினார். தம் சீடன் முன்னிலையில் தம் சினத்தைத் தவறென்று ஏற்ற ஆசாரியரின் பெருமையும், தாம் சொன்னதே சரியாயிற்று என்று சிறிதும் செருக்காத சீடரின் பெருமையும் இங்கே ஒருங்கே விளங்குகின்றன.

குலச் செருக்கு

அக்காலத்தில் திருவரங்கம் பெரிய கோயிலின் நிர்வாகம் அமுதனாரிடம் இருந்தது. கோயிலைச் செம்மைப்படுத்த விரும்பிய உடையவருக்கு அவர் முதலில் இணங்கவில்லை. அவரை நல்வழிப்படுத்தும் பொறுப்பு ஆழ்வானிடம் வந்தது. அமுதனாரின் தாயார் பரமபதித்தபோது, பதினோராம் நாள் சடங்கில் அமுது செய்ய ஓர் அந்தணர் தேவைப்பட்டார். அச்சடங்கில் அமர்பவர் அதன்பின் சில காலம் மற்றச் சடங்குகளுக்கு விலக்கப்படுவராதலால், உயர்குலத்தோர் எவரும் எளிதில் முன்வரமாட்டார். ஆழ்வான் தாமே முன்வந்தார். உண்டு முடித்தபின், திருப்தியா என்று கேட்ட அமுதனாரிடம், கோயிலின் சாவியையும் பொறுப்பையும் தந்தாலன்றித் திருப்தியில்லை என்றார். அமுதனார் இணங்கினார். கோயில் நிர்வாகம் உடையவரின் திருவுள்ளப்படி அமைந்தது. அமுதனாரும் ஆழ்வானின் சீடராகி, நாம் மேலே கூறிய நூற்றந்தாதியை அருளினார். பகைத்து வென்றிருந்தால் ஓர் எதிரி தோற்றிருப்பான். பணிந்து வென்றமையால் ஒரு பிரபந்தம் கிடைத்தது.

காஷாயம் அணிந்த நாள்

இவ்வாறிருக்கையில் சோழ மன்னன் ஒருவனால் வைணவர்க்குப் பெருந்துன்பம் விளைந்தது. குருபரம்பரை நூல்கள் அவனைக் கிருமிகண்ட சோழன் என்று குறிக்கின்றன. அவன் எந்தச் சோழன் என்பதில் சரித்திர ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. சிவனினும் உயர்ந்த பரம்பொருள் இல்லை என்று எழுதிய ஓலையில் வித்துவான்கள் அனைவரையும் அவன் கையொப்பமிடச் செய்தான். அப்போது அவனுடைய அமைச்சனான நாலூரான், இத்தனை பேர் கையொப்பமிட்டும் பயனில்லை, இராமாநுசரும் கூரத்தாழ்வானும் கையொப்பமிட்டாலன்றி இது நிலைபெறாது என்று யோசனை கூறினான். இந்த நாலூரான் ஆழ்வானிடமே கல்வி கற்றவன் என்பர். ஆசாரியரின் பெருமையை அறிந்திருந்தான். அந்த அறிவையே அவருக்கு எதிரான படைக்கலமாக்கினான். அரசனின் தயவைப் பெறும் ஆசை, நன்றியை மறக்கச் செய்தது. கைகேயியின் காதில் மந்தரை சொன்ன சொல்லுக்கும், சோழன் காதில் நாலூரான் சொன்ன சொல்லுக்கும் தன்மையில் வேற்றுமை இல்லை.

அரசனின் ஆட்கள் மடத்தின் வாயிலில் வந்து நின்றனர். உடையவர் நீராடச் சென்றிருந்த வேளை அது. ஆழ்வான் சிறிதும் தாமதியாமல் ஆசாரியரின் காஷாயத்தையும் திரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு, இராமாநுசராகவே அவர்களோடு புறப்பட்டார். இல்லறத்தார் துறவியின் வேடத்தைப் புனைவது சாஸ்திரத்தில் விலக்கப்பட்டது. அதை அறியாதவரல்லர் அவர். ஆசாரியரின் திருமேனிக்கு ஆபத்து என்னும்போது, அந்தப் பாவம் தமக்கே வரட்டும் என்று ஏற்றுக்கொண்டார். பிராயம் நூறு கடந்த பெரிய நம்பிகளும், அவர் திருமகளார் அத்துழாயும் உடன் சென்றனர். உடையவர் வெள்ளை சாற்றிக்கொண்டு மேல்நாடு நோக்கி எழுந்தருளினார். பன்னிரண்டு ஆண்டுகள் திருநாராயணபுரம் முதலிய தலங்களில் வாழ்ந்தருளினார்.

அரசவையில் ஆழ்வான் சாஸ்திரங்களைக் கொண்டு நாராயண பரத்துவத்தை நிலைநாட்டினார். அரசன் கையொப்பமிடும்படி வற்புறுத்தவே, சிவம் என்பதும் துரோணம் என்பதும் அளவுகளின் பெயர்களாகவும் வழங்குவதை எண்ணி, சிவத்தைவிடத் துரோணம் பெரியது என்னும் பொருள்பட எழுதிக் கொடுத்தார். வெகுண்ட அரசன் இருவர் கண்களையும் பறிக்கக் கட்டளையிட்டான். இப்படிப்பட்டவனைக் கண்ட கண்கள் எனக்கு வேண்டா என்று ஆழ்வான் தம் கைகளாலேயே அவற்றை நீக்கிக்கொண்டார். பெரிய நம்பிகளின் கண்களைச் சேவகர் பறித்தனர். திரும்பும் வழியில் அம்முதியவர் வேதனை பொறாமல், ஆழ்வானும் அத்துழாயும் தாங்கியிருக்கத் திருநாடு எழுந்தருளினார்.

வாயிலில் திரும்பியவர்

கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கம் வந்து பெரிய பெருமாளைச் சேவிக்கக் கோயில் வாயிலை அடைந்தார். இராமாநுசரின் ஸம்பந்தமுடையவர் எவரையும் உள்ளே விடலாகாது என்னும் ஆணையைச் சொல்லிக் காவலன் ஒருவன் தடுத்தான். மற்றொரு காவலன், இவர் எல்லோரிடமும் நல்லவர், இவரை விடலாம் என்றான். உள்ளே செல்ல வழி கிடைத்துவிட்டது. ஆனால் ஆழ்வான் அடியெடுத்து வைக்கவில்லை. நற்குணம் என்று ஒன்று தமக்கிருந்து, அது ஆசாரிய ஸம்பந்தத்தை அறுத்துத்தான் பெருமாளைக் காட்டுமாயின், அந்தக் குணமும் வேண்டா, அந்தச் சேவையும் வேண்டா என்று திரும்பிவிட்டார். தம்மை ஒருவர் புகழ்ந்து, அப்புகழ்ச்சியாலேயே ஒரு நன்மையும் கிடைக்கும்போது, அதன் விலை என்ன என்று எண்ணிப் பார்ப்பவர் உலகில் மிகச் சிலரே.

பின்பு அவர் குடும்பத்துடன் மதுரைக்கு அருகிலுள்ள திருமாலிருஞ்சோலை சென்று தங்கினார். புறக்கண் இல்லாத நிலையில் அழகருடைய திருமேனியழகைப் பாடும் ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அங்கே அருளினார். அவர் அருளிய ஸ்தவங்கள் ஐந்து. வைகுண்ட ஸ்தவம், அதிமாநுஷ ஸ்தவம், ஸுந்தரபாஹு ஸ்தவம், வரதராஜ ஸ்தவம், ஸ்ரீ ஸ்தவம் என்பன அவை. இவற்றுள் அதிமாநுஷ ஸ்தவத்தில் அவர் இராமபிரானையே நோக்கிக் கேள்விகள் கேட்கிறார். மனிதனாகவே நடந்துகொள்வது திருவுள்ளமாயின், ஜடாயுவுக்கு மோட்சம் கொடுத்தது எப்படி என்பது அவற்றுள் ஒன்று. இதிகாசத்தை ஆராய்ந்து கற்பதும் பக்தியே என்பது இதனால் விளங்கும். துளைத்துக் கேட்டவரும் அவரே. உருகி நின்றவரும் அவரே.

கோணல் திருமண்

சோழன் மாண்டபின் உடையவர் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானைக் கட்டித் தழுவி, தம்மால் அன்றோ அவர் கண்களை இழக்க நேர்ந்தது என்று கண்ணீர் பெருக்கினார். ஆழ்வான் அதை மறுத்தார். தாம் எப்போதோ ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் நெற்றியைப் பார்த்து, இவர் திருமண் கோணலாயிருக்கிறதே என்று மனத்தில் நினைத்திருக்கக்கூடும், அந்த அபசாரத்தின் பலனே இது என்றார்.

அரசன் மீதோ, காட்டிக் கொடுத்த நாலூரான் மீதோ அவர் பழி கூறவில்லை. தம் துன்பத்துக்குக் காரணத்தைத் தேடும்போது, வெளியே நோக்காமல் உள்ளே நோக்கினார். இங்கே பிராட்டியின் சரிதத்தை நினைவுகூர வேண்டும். இலங்கையில் சிறையிருந்த துன்பத்துக்கு, இளையபெருமாளைச் சுடுசொல் கூறிய அபசாரமே காரணம் என்பது பெரியோர் நிர்வாகம். போர் முடிந்தபின், தன்னைப் பத்து மாதம் வருத்திய அரக்கியரைத் தண்டிக்க அநுமன் அநுமதி வேண்டியபோது, பிராட்டி தடுத்தாள். அவர்கள் ஏவல் செய்தவர்கள், குற்றமே செய்யாதவர் உலகில் யார் என்றாள். தன்னிடம் குறையிருப்பதை உணர்ந்தவர்க்கே பிறர் குறையைப் பொறுக்கும் வலிமை உண்டாகும் போலும்.

பேரருளாளன் முன்னிலையில்

உடையவருக்கு ஆழ்வானின் நிலை பொறுக்கவில்லை. காஞ்சிப் பேரருளாளன் வேண்டியதைத் தரும் வரதன். அவனைத் துதித்துக் கண்களைப் பெற வேண்டும் என்று நியமித்தார். ஆழ்வானும் ஆசாரியரின் ஆணைப்படி வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்தார். பெருமாள் உகந்து, வேண்டுவது யாது என்று கேட்டருளினார்.

அந்த நொடியில் ஆழ்வானின் நினைவு கண்களிடம் செல்லவில்லை. நாலூரானிடம் சென்றது. ஆசாரியத் துரோகமும் பாகவத அபசாரமும் செய்த அவன் கதி என்னாகும் என்று நெஞ்சு துணுக்குற்றது. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று விண்ணப்பித்தார். பெருமாளும் அவ்வாறே ஆகுக என்று அருளினார்.

நாலூரான் மன்னிப்புக் கேட்டதாக வரலாறு இல்லை. அவன் மனம் மாறினான் என்றோ, திருந்தி வந்து திருவடியில் விழுந்தான் என்றோ நூல்கள் கூறவில்லை. கேளாதவனுக்காக ஆழ்வான் கேட்டார். உடையவர் இதைக் கேட்டு வியந்தார். ஆயினும் கண்ணைக் கேளாமல் வந்ததற்கு வருந்தி, உம் உடலும் எம் உடைமையன்றோ என்று மீண்டும் வேண்டச் செய்தார் என்றும், பெருமாளையும் ஆசாரியரையும் காணும் அளவுக்கு மட்டும் ஆழ்வானுக்குப் பார்வை அருளப்பெற்றது என்றும் கூறுவர்.

முடிவில் ஆழ்வான் நம்பெருமாளிடம் பரமபதம் வேண்டிப் பெற்றார். ஆழ்வானோடு ஸம்பந்தமுடைய அனைவருக்கும் வீடு தந்தோம் என்று பெருமாள் அருளியதைக் கேட்ட எம்பெருமானார், ஆழ்வானின் ஸம்பந்தம் தமக்கும் உண்டே என்று உத்தரீயத்தை மேலே எறிந்து ஆனந்தித்தாராம். சீடனின் உறவால் ஆசாரியர் பேறு பெற்றதாகக் களித்த வைபவம் இது. ஆழ்வானுக்குப் பின் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1137ஆம் ஆண்டில் உடையவரும் திருநாடு எழுந்தருளினார்.

மகன் எழுதிய பாடம்

ஆழ்வானின் திருமகனாரான பராசர பட்டர், ஸ்ரீகுணரத்ன கோசம் என்னும் நூலில் ஒரு நுட்பத்தைக் காட்டியருளினார். இராமபிரான் காத்த காகாசுரனும் விபீஷணனும் சரணமென்று வந்தவர்கள். பிராட்டி காத்த அரக்கியரோ குற்றத்தின் ஈரம் உலராதவர்கள், சரணமென்று சொல்லாதவர்கள். ஆகவே பிராட்டியின் பொறுமைக்கு முன் பெருமாளின் கோஷ்டியும் சிறிதாயிற்று என்பது அவர் கருத்து. இதனை ஓதும்போதெல்லாம், சரணம் சொல்லாத நாலூரானுக்காகக் கண்ணிழந்த ஒருவர் கைகூப்பி நிற்கும் காட்சி நம் கண்முன் வருகிறது. பட்டர் அதை ஏட்டில் மட்டும் கற்றவரல்லர். தம் வீட்டிலேயே கண்டவர்.

நாம் உத்ஸவத்தைச் சேவிக்கப் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடியிருக்கிறோம். கூட்டத்தில் ஒருவர் நம்மை நெருக்கித் தள்ளலாம். ஒருவர் முந்திக்கொண்டு தீர்த்தம் பெறலாம். ஒருவரது திருமண் கோணலாகவும் இருக்கலாம். உறவிலும் ஊரிலும் நமக்குத் தீங்கிழைத்த ஒருவரே அருகில் நின்று சேவிக்கவும் கூடும். எம்பெருமானின் திருவீதிப் புறப்பாட்டைக் கண்டு கைகூப்பும் அவ்வேளையில், நமக்காக வேண்டுவதோடு அந்த ஒருவருக்காகவும் ஒரு சொல் வேண்டிக்கொள்வோமாயின், அதுவே கூரத்தாழ்வானின் திருவடிகளுக்கு நாம் சாற்றும் மலராகும்.

எம்பெருமானின் திருவருளும், எம்பெருமானாரின் கடாக்ஷமும், பிறர் குற்றம் காணாத ஆழ்வானின் திருவுள்ளமும் நம் அனைவருக்கும் வாய்க்குமாக.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.